ஃபேன் கழுத்தில் துப்பாக்கி

கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாவின் மடியில் தலை வேறு கால் வேறாக ஒரு டேபிள் ஃபேன்.

“ஏனுங்க, குரங்கைச் சுட நம்ம ஊட்டு ஃபேன் கழுத்துதான் கெடச்சுதுங்களா?”

“சுட இல்ல, வெரட்ட. பிளாஸ்டிக் குண்டு போடற பொம்மைத் துப்பாக்கிதான அது. ரிசார்ட்ல கழிச்சுப்போட்ட நாலு சக்கர பைக்குல அந்தக் கழுத்த வெல்டிங் வெச்சு மாட்டுனேன். உக்காந்த எடத்துலயே எந்தப் பக்கம் வேணாலும் திருப்பிக்கலாம்.”

“ஒரு வாரமா பலாத் தோப்புலயே ஓட்டிக்கிட்டுத் திரியறீங்க. ஒரு குரங்காச்சும் ஓடுச்சுங்களா?”

“மொத நாளு ஓடுச்சு. மறுநாளு ஒண்ணு வயித்துல குட்டியக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்து என்னையே பாத்துச்சு.”

“அப்பறம்?”

“துப்பாக்கிய வானத்தப் பாக்கத் திருப்பிட்டேன்.”

“பலா?”

“ரெண்டு மரம் போச்சு.”

வளைவில் பஸ் சாய்ந்தது. சரிந்த ஃபேனை அவர் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“அடுத்த வருசம் அந்தக் குட்டி பெருசாயிருமில்ல. அப்பவாச்சும் சுடுவீங்களா?”

அவர் ஃபேனைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்ப அதுக்கு ஒரு குட்டி இருக்குமே.”