நேற்று அழிந்த கண்மாய்

“எங்க ஊரு கண்மாயை நேத்து நீங்கதானண்ணே அழிச்சீங்க?”

திருக்கோகர்ணம் போகும் டவுன் பஸ்ஸில், பின் சீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். இதை எழுதியே ஆகவேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

அவளுக்குப் பக்கத்திலிருந்தவனும் அவளும் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்கள், நேரில் சந்திப்பது இதுதான் முதல் தடவை என்பது பேச்சிலேயே புரிந்தது.

“கட்டுரைக்கு ஆதாரம் இல்லைங்க. அதான் எடுத்துட்டேன்,” என்றான் அவன்.

“பேப்பர்ல வந்த செய்தியைக் குடுத்தேன்ல?”

“அந்த நிருபரே ஒங்க கட்டுரையைப் பாத்துத்தான் எழுதியிருக்காரு. நீங்க விட்ட பிழைகூட அப்படியே இருக்கு! ஒங்களுக்கு நீங்களே சாட்சியா?”

“அய்யய்யோ!” கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். “சரி, திருக்கோகர்ணம் மியூசியத்துல இருக்கிற கல்வெட்டுப் புத்தகத்துல எங்க கண்மாய் பேரு இருந்தா?”

“நானே திருப்பிப் போடுறேன். தேடத்தான கூட வாரேன்.”

“இல்லேன்னா?”

“கண்மாய் கோவிந்தாதான்.”

“இருக்கட்டும். விராலிமலை மயிலைப் பத்தி நீங்க எழுதுனதுக்கும் ஆதாரத்தைக் காணோம். நாளைக்கு அங்கிட்டுத்தான் கை வைக்கப் போறேன்.”

“அழிச்சிராதீங்க தாயி! கண்மாயை முடிச்சிட்டு, மயிலையும் ரெண்டு பேருமாத் தேடிருவோம்.”