இரண்டு காருக்கு ஒரு பிரேக்

அம்பாசடரின் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு முதுகுவலியே வராது, சார். உங்கள் ஜீப்பில் என்னை ஏற்றி வந்தபோதே சொல்ல நினைத்தேன். கேட்காமல் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று பேசாமல் வந்தேன். இப்போது நீங்களே கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பாலசுந்தரம். ஜெயங்கொண்டத்தில் டாக்ஸி ஓட்டுகிறேன். வெள்ளை அம்பாசடர். மாப்பிள்ளை அழைப்பு என்றால் இந்தப் பக்கம் என் வண்டியைத்தான் முதலில் கேட்பார்கள். அடுத்த தெருவில் என் தங்கை மலர்கொடியின் வீட்டுக்காரர் சாமிதுரையும் ஒரு அம்பாசடர் வைத்திருந்தார். அதுவும் வெள்ளைதான், ஆனால் என்னுடையது பால் வெள்ளை. அவருடையது சுண்ணாம்பு.

மஞ்சள் போர்டு வண்டியை வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அரியலூர் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று சான்று தந்தால்தான் பிழைப்பு. பழைய வண்டிக்காரன் அன்று ஒருநாள் மட்டும் வண்டியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்கிற மாதிரி ஜோடித்து நிறுத்துவான். பெயின்ட் அடிப்பான், தெரிந்தவனிடம் நல்ல டயர் இரவல் வாங்கி மாட்டுவான். மறுநாள் கழற்றிக் கொடுத்துவிடுவான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லோரும் செய்வதுதான்.

நானும் மாப்பிள்ளையும் வெளியாளிடம் போய் நிற்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நாலு நல்ல டயர், ஒரு பேட்டரி, பிரேக்குக்கு ஒரு புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கி வைத்திருந்தோம். சித்திரையில் அவர் வண்டிக்கு மாட்டுவோம். ஆடியில் என் வண்டிக்கு. மற்ற நாட்களில் அவை என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். ரோட்டில் ஓட்டித் தேய்த்துவிட்டால் எஃப்.சி.க்கு என்ன செய்வது? இரண்டு வண்டியையும் கூட்டினால் ஒரு நல்ல வண்டி எங்களிடம் இருந்தது, சார். குடும்பத்துக்குள் அது போதும் என்றுதான் இருந்தோம்.

இந்த வருஷம் மாப்பிள்ளை வண்டி பெயின்ட் கடையில் கிடந்து தாமதமாகிவிட்டது. அவருக்கும் எனக்கும் ஒரே நாள் விழுந்தது. அவருக்குக் காலையில், எனக்கு மதியம். அதனால் என்ன, மைதானத்துக்கு வெளியே புளியமரத்தடியில் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அங்கேதான் புது பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். அவர் பார்த்து முடித்த சாமான் ஒவ்வொன்றிலும் பச்சை பெயின்ட்டில் ஒரு பொட்டு வைக்கிறாராம். தின்னர் போட்டாலும் போகாதாம். பொட்டு வைத்த டயர் வேறு வண்டியில் வந்தால் அந்த வண்டிக்கு எஃப்.சி. கிடையாதாம். இந்த வயசு வண்டிக்கு மறுதேதியும் இல்லையாம். மனிதர் இவ்வளவு குறுகிய புத்தியோடு இருக்கலாமா?

ஆக, ஒரு வண்டிதான் தேறும். காலைத் தேதி அவருடையது என்பதால் சாமான் அவருக்குத்தான் சேரும் என்று நானே விட்டுக்கொடுத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. கோபம் அவர் பேசிய பேச்சில்தான் வந்தது.

"உங்க வண்டிய எடைக்குப் போட்டுருங்க மச்சான்," என்றார். "எவ்வளவு நாளைக்கு இழுத்துட்டுக் கெடப்பீங்க. எங்கூட வந்துருங்க. ஒரு வண்டிய ரெண்டாளும் மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எடைக்கு என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள். பழைய பேப்பரைப் போடுவார்கள், ஓட்டைக் குடத்தைப் போடுவார்கள். ஊரில் பாதிப் பேரைத் தாலி கட்டக் கூட்டிப்போன வண்டி, சார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் நிதானமாக யோசித்தேன். இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது பிரேக். அதில் போய்விட்டால் மற்றதைத் தொடமாட்டார், பொட்டும் வைக்கமாட்டார். டயரும் பேட்டரியும் சுத்தமாக வெளியே வந்துவிடும். மதியம் நான் மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். வேண்டியதெல்லாம் மாப்பிள்ளை வண்டியில் அவருடைய பழைய சிலிண்டரைத் திரும்ப வைப்பது மட்டும்தான். அவர் சொத்தை அவருக்குக் கொடுப்பதில் என்ன தப்பு?

முதல் நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்தார். நான் பானெட்டைத் திறந்து வேலையை முடித்து, புது சிலிண்டரை என் வண்டிக்கு எடுத்து வைத்தேன். மலர்கொடி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னண்ணே பண்றே என்று கேட்டாள்.

"பிரேக்கப் பாக்குறேன் பாப்பா."

"நீ பாத்தாச் சரிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மோரில் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருந்தாள்.

அந்தப் பழைய சிலிண்டரின் குணம் எனக்குத் தெரியும். கிளம்பும்போது நன்றாகவே பிடிக்கும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறினால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாள் காலை பானெட்டில் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பினார். சிமென்ட் லாரிகளுக்குப் பயந்து அவர் எப்போதும் முந்திரிக் காட்டு வழியாகத்தான் போவார். நான் என் வண்டியில் பின்னால் போனேன், தள்ளியே போனேன். அந்த வழியில் ஏரிக்கரை இறக்கம் ஒன்று உண்டு. இறங்கியதும் வளைவு. மாப்பிள்ளை வளையவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது வண்டி தலைகீழாகக் கிடந்தது. நாலு சக்கரமும் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. டயருக்கு ஒரு கீறல் இல்லை. ஜாக்கி போட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

ஆமாம், அப்போது அவருக்கு நினைவு இருந்தது. உள்ளேயிருந்து மச்சான் என்று கூப்பிட்டார். இதோ வந்துட்டேன் மாப்பிள்ளை என்று நானும் பதில் சொன்னேன். பதில் சொல்லாமல் இருக்க நான் என்ன கல்நெஞ்சக்காரனா? நட்டுகளைக் கழற்றுகிற நேரம் முழுக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தேன். மூன்றாவது சக்கரத்தில் ஒரு நட்டு இறுகிக்கொண்டு சிரமப்படுத்தியது. அதைக் கழற்றி நிமிர்ந்தபோது உள்ளே சத்தம் இல்லை. நாலாவதையும் எடுத்து, பேட்டரியையும் எடுத்து என் வண்டியில் ஏற்றிக்கொண்டு, முதல் வேலையாக 108க்கு போன் செய்தேன்.

சக்கரமே இல்லாத கார் ஏரிக்கரை வரை எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டபோது ஏட்டய்யா சிரித்துவிட்டார். நியாயமான கேள்விதான். அவசரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. பழைய டயர்களை அங்கே போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

மதியம் என் வண்டி தேறியது. பச்சைப் பொட்டு டயரில் இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். இந்த வயசில் இப்படி ஒரு பிரேக்கா என்று இன்ஸ்பெக்டர் ஆச்சரியப்பட்டார். சாமிதுரை கூட இருந்து கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அதை நினைத்தபோது மைதானத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார்.

திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்கிறேன். எஃப்.சி.யில் அவர் வண்டி தேறாமல் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். வழியில் ஒன்றும் ஆகாது, மைதானம் வரை பிடிக்கும் என்றுதான் நம்பினேன். நடந்தது விபத்து.

கடைசியாக மலர்கொடியைப் பற்றிக் கேட்டீர்கள். அரியலூரில் துணி எடுக்க அவளும் அதே காரில் ஏறி உட்கார்ந்தது உண்மைதான். நான்தான் கையைப் பிடித்து இறக்கி, பஸ்ஸில் போம்மா என்று ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். ஏன் என்கிறீர்கள். கூடப் பிறந்தவள் சார். பிரேக் இல்லாத வண்டியில் அவளை எப்படி அனுப்புவேன்?