ஆளில்லாத லாட்ஜின் நாற்பது பெட்ஷீட்டுகள்

— சும்மா சொல்லலை கண்ணு, வெறும் நாப்பது பெட்ஷீட்டை வச்சு ஒரு ஊரையே தூக்கி நிறுத்தியிருக்கேன். அந்த ஊர்ல நின்னுக்கிட்டுத்தான் நீ இப்ப பெட்டி கட்டுறே.

— போன வாரம் திமிங்கலம் உங்ககிட்ட வழி கேட்டுச்சுன்னு சொன்னீங்க மாமா. அந்த டம்ளரை இப்படிக் கொடுங்க, பேப்பர்ல சுத்தணும்.

— கேட்டுச்சு. அது தனிக் கதை. மாப்ளே, நீயாவது உன் மகளுக்கு எடுத்துச் சொல்லேன்.

— நான் என்னத்தைச் சொல்ல மச்சான். நீங்க லாட்ஜுல துணி துவைச்சது உண்மை. மத்ததெல்லாம் நீங்க போட்ட நுரை.

— அப்பா, ரோடு உடைஞ்சு கிடக்கறதால சுத்து வழியா வர்ற பஸ் நாலு மணிக்கு. பேசிக்கிட்டே இருந்தா கிளம்பின மாதிரிதான். புயல் அடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு டூரிஸ்ட் காலடி வைக்கலை. நேத்து முழுக்க இந்தக் கடையில போட்டது மூணு டீ. அதுல ரெண்டு மாமா குடிச்சது.

— மூணாவது உங்கப்பன் குடிச்சது. அதையும் சொல்லு.

— டவுன்ல கேன்டீன் வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க மாமா. எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? இங்க இருக்கறதுக்கு ஒரு காரணம் கொடுங்க, இருக்கேன். கதை வேணாம்.

— காரணம்தான் சொல்ல வர்றேன். நீ பொறக்கிறதுக்கு முந்தி இதே மாதிரி ஒரு புயல். இதே மாதிரின்னா, இது அதுக்குப் பேத்தி. ஒரு படகு அப்படியே பறந்து போய் ஸ்கூல் மணியை அடிச்சுட்டுத் திரும்பி வந்துச்சு.

— அந்த ஸ்கூலுக்கு ஏது மணி மச்சான்? தண்டவாளத் துண்டுதான் கட்டியிருந்தாங்க.

— அதைத்தான் அடிச்சுச்சு. குறுக்கே பேசாதே. லாட்ஜ்ல ஒரு ஈ காக்கா இல்லை. முதலாளி சாவியை என் கையில கொடுத்துட்டு மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இங்கதான் நீ கவனிக்கணும் கண்ணு. அப்ப செல்ஃபோன் ஏது? லாட்ஜ்ல எத்தனை பேர் தங்கியிருக்காங்கன்னு ஊருக்குத் தெரிய ஒரே வழி, மொட்டை மாடியில காயுற பெட்ஷீட். காலையில அண்ணாந்து பார்த்து எண்ணுவாங்க. எண்ணிட்டுத்தான் ஐஸ்காரர் ஐஸ் போடுவார், படகுக்காரர் டீசல் ஊத்துவார், உங்கப்பன் பால் வாங்குவான். கொடி காலியா இருந்தா ஊரே கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துரும்.

— அது நிஜம்தான். நாங்க எண்ணுவோம்.

— பார்த்தியா, ஒரு வரி ஒத்துக்கிட்டான். பதினஞ்சு நாள் கொடி மொட்டையா கிடந்துச்சு. ஐஸ்காரர் மெஷினை விலை பேச ஆரம்பிச்சுட்டார். படகுக்காரங்க ரெண்டு பேர் மூட்டை கட்டிட்டாங்க. எல்லாரும் போயிட்டா, அப்புறம் டூரிஸ்ட் வந்துதான் என்ன? அவனுக்கு ஒரு டீ கொடுக்க ஆள் வேணாமா? மறுநாள் காலையில பீரோவைத் திறந்தேன். மடிப்புக் கலையாத நாப்பது பெட்ஷீட். எடுத்துத் தண்ணியில முக்கிப் பிழிஞ்சு கொடியில போட்டேன்.

— ஒருத்தரும் தங்காமலேயா?

— காத்து தங்கியிருந்துச்சு. நாப்பது ரூமுக்கும்...

— இருபது ரூம் மச்சான்.

— ரூமுக்கு ரெண்டு கட்டில். அன்னைக்கு மதியமே ஐஸ் மெஷின் சத்தம் கேட்குது. சாயங்காலம் மூட்டை கட்டினவங்க அவுத்துட்டாங்க. அப்புறம் தினமும் இதே வேலை. காஞ்சா நனைப்பேன், நனைஞ்சா தொங்கப் போடுவேன்.

— தங்கறவங்க எங்கேன்னு யாரும் கேட்கலையா மாமா?

— கேட்காம இருப்பாங்களா? எல்லாம் புதுசா கல்யாணம் ஆனவங்க, கதவே திறக்க மாட்டேங்கிறாங்கன்னு சொன்னேன். நாப்பது பேருமான்னு ஐஸ்காரர் கேட்டார். இருபது ஜோடின்னேன். பாவம், வெட்கப்பட்டுக்கிட்டே போயிட்டார்.

— இதைத்தான் நான் நம்பலை. ஐஸ்காரர் என்ன சின்னப் பிள்ளையா? நாள் கணக்கா ஜன்னல்ல ஒரு முகம் தெரியலை, ஊரே நம்புச்சாம்.

— நம்புச்சுடா. அதான் என் சாமர்த்தியம். இருபத்தேழாவது நாள் வந்துச்சு பாரு ஒரு பஸ். பக்கத்து ஊர்க் கடற்கரைக்குப் போன பஸ். அங்க எல்லாக் கடையும் பூட்டு. டிரைவர் திரும்பிப் போற வழியில மேட்டு வளைவுலேர்ந்து எங்க மாடியைப் பார்த்திருக்கார். வெள்ளை வெளேர்னு பறக்குது. ஆள் தங்கற ஊர் இருக்குன்னு வண்டியை இந்தப் பக்கம் ஒடிச்சுட்டார். ஐம்பத்திரண்டு பேர் இறங்குறாங்க. படகு தயாரா நிக்குது, ஐஸ் இருக்கு, உங்கப்பன் பாய்லர் கொதிக்குது.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, முழிச்சேன். ரூம் இருக்கு, கட்டில் இருக்கு, விரிக்கக் காஞ்ச பெட்ஷீட் ஒண்ணு கிடையாது. நாப்பதும் கொடியில சொட்டிக்கிட்டு இருக்கு.

— ஐயோ மாமா.

— வீடு வீடா ஓடினேன். யாரும் ஏன்னு ஒரு வார்த்தை கேட்கலை கண்ணு. பெட்டி அடியில வச்சிருந்ததுல நல்லதா பார்த்து எடுத்துக் கொடுத்தாங்க. கட்டம் போட்டது, பூப்போட்டது. உங்கம்மா கல்யாணத்துக்கு வந்த ரோஜாப்பூ விரிப்பைப் பிரிக்காமலே கொடுத்தா. வந்தவங்களுக்கு அதுதான் மனசுல ஒட்டிக்கிச்சு. சொந்தக்காரங்க வீட்டுல படுத்த மாதிரி இருந்துச்சுன்னு போற இடமெல்லாம் சொல்லியிருக்காங்க. அடுத்த மாசம் நாலு பஸ். நீ படிச்சது, இந்தக் கடைக்கு ஓடு போட்டது, என் பொண்ணு கல்யாணம், எல்லாத்துக்கும் அந்த ஐம்பத்திரண்டு பேருதான் ஆரம்பம். முகம் ஞாபகமில்லை. எந்த ஊர்ல இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

— இப்ப என்னை என்ன செய்யச் சொல்றீங்க?

— மூணு வாரத்துல ரோடு சரியாயிடும்னு பேச்சு. முதல் வண்டி வரும்போது உன் அடுப்பு எரியணும். நீ பூட்டினா நாளைக்கு ஐஸ்காரர் மகன் பூட்டுவான், அவனைப் பார்த்துப் படகுக்காரங்க. பூட்டின ஊர்ல எவன் இறங்குவான்?

— அப்பா, இப்படித் திரும்புங்க. திமிங்கலத்தை விடுங்க, பறந்த படகை விடுங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. திறந்து வச்சதாலதான் அன்னைக்கு வந்தாங்கன்னா, மூணு வாரம் இல்லை, மூணு மாசம் திறந்து வைக்கிறேன். இதுவும் நுரைன்னா பஸ் ஏறிடுறேன். நடந்துச்சா, இல்லையா?

— அவன்கிட்டயா கேட்கிறே? முப்பது வருஷத்துல ஒரு தடவை ஒத்துக்கிட்டதில்லை.

— நடந்துச்சும்மா.

— மாப்ளே?

— முதல் நாளே எனக்குத் தெரியும் மச்சான். கடைச் சாவியை உங்ககிட்ட கொடுத்துட்டு ஊரை விட்டுப் போயிடலாம்னுதான் மாடி ஏறி வந்தேன். நீங்க ஒத்தை ஆளா உக்காந்து, அழுக்கே இல்லாத துணியை வாளியில முக்கிக்கிட்டு இருந்தீங்க. சத்தம் போடாம இறங்கி வந்து அடுப்பைப் பத்த வச்சேன். ஐஸ்காரர் உங்க பேச்சை எங்கே நம்பினார்? நேரா என்கிட்டதான் வந்தார். இருபது ஜோடிக்கும் நான்தான் டீ கொடுத்துட்டு வர்றேன், கதவிடுக்குல கைதான் தெரியுதுன்னு சொன்னேன். ஊருக்கே சொன்னேன்.

— நீயா? அப்ப இத்தனை வருஷமா ஏண்டா நம்பலை நம்பலைன்னே?

— நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டிருந்தா, நீங்க ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து சொல்லியிருப்பீங்களா மச்சான்?