இரண்டாம் எண்ணின் அளவு

ஏழரை இல்லை, அண்ணி. ஏழு இருபது. வண்டிக் கடிகாரத்தில் நானே பார்த்தேன்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் திருத்திக்கொண்டதோடு சரி. மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கூடத்து நடுவில் ஒற்றை மெழுகுவத்தி. அதை ஒட்டி நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்: அவள், அவள் கணவன், கணவனின் அக்கா, எதிர்வீட்டு நர்ஸ். கதை சொல்லிக்கொண்டிருந்தது அந்த அக்கா. இவளுக்கு அண்ணி.

"என் சிநேகிதியோட கொழுந்தன் பொண்டாட்டிக்கு நடந்தது. இதுல ஒரு வார்த்தை பொய்யின்னாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்."

"உன் நாக்கு அழுகினா ஊருக்கே நிம்மதிக்கா" என்றான் தம்பி.

"சும்மா கிடடா. ஏழரை மணி. ஈ காக்கா இல்லாத ரோடு. அந்தப் பொண்ணு தனியா வண்டி ஓட்டிக்கிட்டு வருது..."

இருட்டில் அண்ணியின் கால் பெருவிரல் அவள் பாதத்தை லேசாக அழுத்தியது. பயப்படாதே, உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அர்த்தம். சிநேகிதி, கொழுந்தன் எல்லாம் ஜோடனை. அந்தப் பொண்ணு இவள்தான். நடந்து ஐந்து வாரம் ஆகிறது. அண்ணியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். சிரித்து முடித்ததும் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வான்.

"கேக் கொண்டு போய்க் குடுக்கிற தொழில் அதுக்கு" என்றாள் அண்ணி.

கேக்காம். தம்பிக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று கர்ட்டனைக் கேக்காக மாற்றிவிட்டாள். கேக் நனைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம் அண்ணி. விடுதி ஒன்றின் பதினான்கு ஜன்னல்களுக்கு, இரண்டு மாதம் கண் எரியத் தைத்த துணி அது. தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும்.

அவளும் கணவனும் வீடுகளுக்குத் திரை தைத்து மாட்டுகிறவர்கள். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது அவள். கம்பி அடித்து மாட்டுவது அவன். ஏணியும் கம்பியும் ஏற்ற ஒரு வண்டி வேண்டுமென்று பழைய பிக்கப் ஒன்று வாங்கினார்கள். "ஒரே கை ஓட்டின வண்டி. ஒண்டிக்கட்டை மனுஷன். வீட்டு சோபா மாதிரி வச்சிருந்தார்" என்றார் தரகர். சாவி ஒன்றைத்தான் கொடுத்தார். இன்னொன்று தொலைந்துபோய்விட்டதாம்.

உள்ளே இருந்த வசதிகளில் கணவன் சொக்கிப்போனான். இருக்கை சூடாகும். தம்ளர் வைக்கும் குழியில் நீல விளக்கு எரியும். சாவியிலுள்ள பொத்தானை அமுக்கினால் வீட்டுக்குள்ளிருந்தே எஞ்சினைக் கிளப்பலாம். ஓட்டுநர் கதவில் ஒன்று, இரண்டு என்று இரண்டு பட்டன். எந்த எண்ணை அமுக்குகிறோமோ அந்த எண்ணுக்கு உரியவரின் அளவுக்கு இருக்கை தானே நகர்ந்துகொள்ளும், கண்ணாடிகள் தாமே திரும்பிக்கொள்ளும். ஒன்றாம் எண்ணில் அவன் தன் அளவைப் பதிந்துகொண்டான். அவள் விளையாட்டாக இரண்டை அமுக்கிப் பார்த்தாள்.

ம்ம்ம்ம்... என்று இருக்கை முன்னால் வந்தது. உயர்ந்தது. முதுகுப் பக்கம் கொஞ்சம் நிமிர்ந்தது. டக். நின்றது.

அவளை உட்கார வைத்து அளவெடுத்த மாதிரி இருந்தது.

பதினெட்டு வருடமாக அளவெடுக்கிறவள். ஒரே சுவரிலுள்ள இரண்டு ஜன்னல்கள்கூட அரை இஞ்ச் வித்தியாசப்படும் என்று தெரியும். அப்படியிருக்க, யாரோ ஒருத்தியின் அளவு தனக்கு நூல் பிசகாமல்... ஒருத்தி என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஒண்டிக்கட்டை மனுஷனின் வண்டியில் ஒருத்தி.

"இது யாரோடதுங்க?"

"யாரோடதா இருந்தா என்ன? உனக்கு எதுக்கு நம்பரு? மாசத்துக்கு நாலு தடவை ஓட்டுறே. பக்கத்து சுவிட்சைத் தட்டி நகத்திக்கோ."

தலைக்கு மேலே, விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பட்டன்கள். அவை கார் ஷெட்டின் ஷட்டரைத் திறக்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷட்டரைப் பழக்கி வைக்கலாம். முதலில் ஒன்றையும் மூன்றையும் சேர்த்து இருபது எண்ணும் வரை அமுக்கிப் பழைய ஆளின் பதிவை அழித்துவிடுங்கள், பிறகு உங்களுடையதைப் பழக்குங்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். கணவன் முதல் பட்டனை மட்டும் பழக்கினான். பழையதை அழிக்கவில்லை. வீட்டைப் பெருக்காமலே பாயை விரித்தாற்போல.

"அப்ப மழை பிடிச்சுது பாரு" என்றாள் அண்ணி. "சாதா மழையில்ல. ஆலங்கட்டி."

அது சரிதான். கூரையில் தட... தட... தடவென்று. பின்தொட்டியில் திரைகளை மூடியிருந்த தார்ப்பாயில் ஏற்கெனவே ஒரு கிழிசல். அவள் வண்டியை ஓரம் கட்டினாள். ஒரு பக்கம் வெற்று மனைகள். மறுபக்கம் வரிசையாகப் பூட்டிய வீடுகள். வெளிச்சம் வேண்டி, தலைக்கு மேல் விளக்கு சுவிட்சைத் தடவினாள். விரல் தவறி மூன்றாவது பட்டனில் பட்டது.

பூட்டிய வீடுகளில் ஒன்றின் ஷட்டர் மேலே போயிற்று.

கர்... கர்... கர்ரென்று நிதானமாக. உள்ளே மஞ்சள் விளக்கு. சுத்தமான, காலியான ஷெட். அவள் யோசித்தாள்தான். ஆனால் யோசனை முழுக்கத் துணியைப் பற்றி. வண்டியின் பழைய சொந்தக்காரர் வீடு போலிருக்கிறது, மழை விடும்வரை நின்றுவிட்டுப் போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? வண்டியை உள்ளே விட்டாள். எஞ்சினை அணைத்தாள்.

ஷட்டர் அவளுக்குப் பின்னால் இறங்கிற்று.

மூன்றாவது பட்டனை அமுக்கினாள். ஒன்றுமில்லை. மறுபடி. மறுபடி. விளக்கு அணைந்தது. சாவி அவள் மடியில் கிடந்தது... எஞ்சின் தானே கிளம்பியது.

"தானேவா?" என்றாள் நர்ஸ்.

"தானே. பொத்தானை அமுக்கி அணைச்சுப் பாக்குது, அணைய மாட்டேங்குது. கதவைத் திறக்கப் பாக்குது, பூட்டிக்கிச்சு."

நர்ஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "மூடின ஷெட்டுல புகை நிறைஞ்சா வலியே இருக்காதுக்கா. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். நான் ஒருத்தரைப் பாத்திருக்கேன். மூஞ்சி செக்கச் செவேல்னு, தூங்குற மாதிரியே..."

"கேக் எல்லாம் கருகியிருக்குமே" என்றான் கணவன்.

தூக்கம் வந்தது. அதுதான் அவளுக்கு இன்றுவரை கூச்சமாக இருக்கிறது. பயந்துகொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. எட்டு மாதமாக அவள் அந்த வண்டியில், கணவனின் அளவுக்குப் பின்னால் தள்ளிய இருக்கையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு ஓட்டியிருந்தாள். சுவிட்சைத் தட்டிச் சரிசெய்துகொள்ளக்கூடப் பல நாள் தோன்றாது. இப்போதும் அப்படித்தான் விளிம்பில். சாய்ந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு நிமிடம்தானே.

முன்விளக்கு எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பியதில், பக்கக் கண்ணாடியில் ஷட்டரின் அடிப்பக்கம் தெரிந்தது. தரைக்கும் ஷட்டருக்கும் நடுவிலுள்ள சந்தில் துணி. நீளமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திணித்த துணி. உள்ளே வரும்போது அது அங்கே இல்லை.

வேறு யாராவது பார்த்திருந்தால் துணி என்பதோடு விட்டிருப்பார்கள். அவள் தையல்காரி. மடிப்பு தெரிந்தது. உள்ளிருந்து திணித்தால் துணியின் ஓரத் தும்பு உள்ளே நிற்கும், மடிந்த முனை வெளியே போகும். இங்கே மடிந்த முனை உள்ளே எட்டிப் பார்த்தது.

வெளியிலிருந்து திணித்திருக்கிறார்கள்.

இதை அண்ணியிடம் சொன்னபோது அண்ணிக்குப் புரியவில்லை. கதையிலும் அவள் அதைச் சொல்லவில்லை. "புகை... ஒரே புகை" என்று கையை வீசிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் இருக்கை அசைந்தது.

ம்ம்ம்ம்...

முன்னால் வந்தது. ஸ்டியரிங்கோடு வைத்து நசுக்கப் போகிறது என்று நினைத்து இரண்டு கையாலும் உந்தினாள். அது பாட்டுக்கு வந்தது. உயர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. டக். பக்கக் கண்ணாடி சின்ன முனகலோடு மேல்நோக்கித் திரும்பியது. வண்டியின் பின்தொட்டி விளக்கு எரிந்தது.

கண்ணாடியில் ஷெட்டின் கூரை. ஷட்டர் தண்டவாளத்திலிருந்து தொங்கும் ஒரு சிவப்புக் கயிறு. மின்சாரம் இல்லாதபோது கையால் ஷட்டரை விடுவிக்க வைத்திருப்பார்களே, அந்தக் கயிறு. அவர்கள் வீட்டு ஷெட்டில் அது தோள் உயரத்துக்குத் தொங்கும். இது சாண் நீளம்தான் இருந்தது. யாரோ கத்தரித்திருந்தார்கள். நேர் வெட்டு. நல்ல கத்தரிக்கோல்.

அவள் உயரமுள்ள ஒருத்தி எவ்வளவு எம்பினாலும் எட்டாது.

கதவுப் பூட்டு டக்கென்று விட்டது.

திரைகளை உயரக் கம்பியில் மாட்ட அவளிடம் ஒரு கொக்கிக் கம்பு உண்டு. அண்ணியின் கதையில் அது குடையாகியிருந்தது, போகட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்தொட்டியில் ஏறினாள். இரண்டு மாத உழைப்பின் மேல் செருப்புக் காலோடு நின்றாள். கொக்கியைக் கயிற்று முடிச்சில் போட்டு இழுத்தாள். ஒரு தரம் நழுவிற்று. இரண்டாம் தரம் மேலே ஏதோ விட்டது. குதித்து, ஷட்டரைக் கையால் தூக்கினாள். குளிர்ந்த காற்று.

வெளியே ஆளில்லை. துணியும் இல்லை. ஈரச் சிமெண்டில் ஆலங்கட்டிகள் மட்டும் கரைந்துகொண்டிருந்தன.

"அவ்வளவுதான்" என்றாள் அண்ணி. "வண்டியை எடுத்துக்கிட்டு ஓடியே வந்துருச்சு. அந்தப் பொண்ணு இன்னிக்கும் கார் ஷெட்டுப் பக்கம் போறதில்ல."

அவ்வளவுதான் இல்லை, அண்ணி. ஒன்றை உங்களிடமும் சொல்லவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் ஒரு சத்தம் ஆரம்பித்தது. டிங்... டிங்... டிங்... பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வண்டி எழுப்பும் சத்தம். இருக்கை காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு பை, ஒரு இஞ்ச் டேப்கூட இல்லை. மெத்தை மட்டும் நடுவில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. நான்கு தெரு வரைக்கும் அந்தச் சத்தம். பிறகு அவள் ஓரம் நிறுத்தி, கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து, காலி இருக்கையின் குறுக்கே மாட்டினாள். மாட்டும்போது கை எதன் மேலும் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டாள். கூச்சம்தான், பயமில்லை.

சத்தம் நின்றது. அன்று முதல் அந்தப் பெல்ட்டை அவள் கழற்றவில்லை. அன்று முதல் அவள் ஏறினால் இருக்கை தானே இரண்டாம் எண்ணுக்கு வந்துவிடும். முதுகு வலியும் விட்டுவிட்டது.

"நல்லா ரீல் விடுற, அக்கா" என்றான் கணவன். "ஆனா ஒண்ணு. நம்ம வண்டியும் கொஞ்ச நாளா கூத்தடிக்குது. இன்னிக்கு ஏறி உக்காந்தேன், சீட்டு முன்னாடி வந்து முட்டியைப் பேத்துருச்சு. பக்கத்து சீட்டுல பெல்ட்டை வேற யாரோ மாட்டி வச்சிருக்காங்க, ஆளே இல்லாம."

அவள் நிமிர்ந்தாள். "அத என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க? கழட்டிட்டேன்."

மெழுகுவத்தி ஒரு முறை படபடத்தது. சமையலறைக்கு அந்தப் பக்கம், மூடியிருந்த ஷெட்டிலிருந்து...

டிங்.

டிங்.

டிங்.

நர்ஸ் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியின் பெருவிரல் அவள் பாதத்தைத் தேடி வந்து, அழுத்தாமல் அப்படியே நின்றது. தான் சொன்ன கதையில் இது இல்லையே என்று அண்ணி அவளைப் பார்த்தாள்.

கணவன் சட்டைப் பையைத் தடவினான். சாவி உள்ளேதான் இருந்தது. அதை எடுத்து அவளிடம் நீட்டினான். அவன் எழுந்திருக்கவில்லை.

"நீயும்தானே ஓட்டுறே? போய் நிறுத்திட்டு வா. அப்படியே மேல ஒண்ணையும் மூணையும் சேத்து அமுக்கி, அந்தப் பழைய பதிவையெல்லாம் அழிச்சுடு. ரெண்டாம் நம்பரையும் சேத்து. இனிமே இந்தத் தொல்லையே வேணாம்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தாள்.

"பெல்ட்டை வேணும்னா மாட்டிட்டு வர்றேன்" என்றாள். "அழிக்க மாட்டேன்."