பின்பசை

தபால்தலையை வெறும் விரலால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். இதுகூடத் தெரியாமல் உங்கள் காவலர் ஒருவர் என் ஆல்பத்தை எச்சில் தொட்டுப் புரட்டினார். பொறுத்துக்கொண்டேன். பொறுத்துப் பொறுத்தே எனக்குப் பழகிவிட்டது.

"பழைய ஸ்டாம்புக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்காத ஆளில்லை. யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். வாங்குவதோடு முடிந்தால் பரவாயில்லை. பயன்படுத்தாத தபால்தலைக்கு மதிப்பே அதன் பின்னால் உள்ள பசைதான். ஈரக்காற்று பட்டால் பசை இளகி ஆல்பத்தோடு பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது குப்பை. அதைத் தடுக்க, அறையின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் வேண்டும். வாங்கிக் கொடுத்தது என் அக்கா. தையல் வேலை செய்து சேர்த்த காசு.

"உன் காகிதப் பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்கக்கூடாதுல்ல" என்று சிரித்தாள். என் பொழுதுபோக்கை மதித்த ஒரே மனுஷி அவள்தான்.

பிறகு அவளுக்கு நுரையீரல் கெட்டது. வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. பழைய வீடு, இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். "வயரிங் மொத்தமும் மாத்தணும் சார்" என்றார் எலக்ட்ரீஷியன். பணம் எடுத்து வைத்தேன். அந்த வாரம் பார்த்து, அச்சகத்தில் நடுவில் கிழிக்கும் துளையிட மறந்ததால் அபூர்வமாகிப்போன ஒரு ஜோடித் தபால்தலை விற்பனைக்கு வந்தது. அரை ஆயுசு தேடியது. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பீர்கள்.

மழை விடவே இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் ஆல்பத்தைத் திறந்தால் தாளெல்லாம் நெளிந்திருக்கிறது. அக்காவின் அறைக்குப் போய் அவளுடைய இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னுடையதைப் போட்டேன்.

"தம்பி, மிஷின் நின்னுடுச்சுடா."

"நான்தான்க்கா நிறுத்துனேன். ஆல்பம் ஈரமாயிடுச்சு. கொஞ்ச நேரம் சமாளிச்சுக்க."

"சரிப்பா... சீக்கிரம் போட்டுடு."

சரி என்று சொன்னது அவள். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். இடுக்கியில் அந்த ஜோடி இருந்தது. அந்த நிலையில் யாரால் எழுந்து போக முடியும்? பிறகு கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தாள். நிதானமான வேலை செய்கிறவனுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்குப் புரியாது. எழுந்து போய் அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

தட்டுவது நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்ததாகக் காலையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தாள் இன்னும் காயவில்லை.

ஜோடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பசை அப்படியே இருக்கிறது. அக்கா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

வீட்டைப் பூட்டி மின்சாரத்தையும் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். வெளியே இன்னும் தூறிக்கொண்டிருக்கிறது. என் இயந்திரத்தை மட்டும் போட்டுவிடச் சொல்லுங்கள், ஐயா. இனிமேல் ஃபியூஸ் போகாது.