இராசாத்தியின் மீன்பலகைக்கு ஓர் இடம்

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் என் வணக்கம்.

சொல்லில் சுருக்கமும் சோற்றில் தாராளமும் கொண்ட எங்கள் சந்தைச் சங்கத் தலைவர் நளீம் ஹாஜியார் அவர்களே! சம்மாந்துறையிலிருந்தும் மாவடிப்பள்ளியிலிருந்தும் நெல்மணம் மாறாமல் வந்து, முன்வரிசையை முந்திப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்தபடி, திரைக்கு இப்பால் இருப்பவர்களை ஆண்டுகொண்டிருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் நடுவே, என் ஒவ்வொரு சொல்லையும் தராசில் போட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி றமீஸா அவர்களே!

சிரிக்காதீர்கள். இந்தச் சபையில் நான் பயப்படுவது ஒருவருக்குத்தான். அவர் தலைவர் அல்லர்.

ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் இறங்கியதும், ஆற்றங்கரையில் எழுந்து நிற்கும் நமது புதிய சந்தைக் கட்டடத்தில் யாருக்கு எந்தக் கடை என்ற பட்டியலைத் தலைவர் வாசிப்பார். துணிக்கு இடம் உண்டு. தேங்காய்க்கு இடம் உண்டு. தொலைபேசிக்கு உறை விற்பவருக்கும் இடம் உண்டு. இருபது வருடமாகப் பாலத்தடியில் பலகை போட்டு ஆற்றுமீனும் கடல்மீனும் விற்ற இராசாத்திக்கு மட்டும் இடமில்லை! ஏன் இல்லை? மீன் நாறுகிறது என்று ஒரு மகா புத்திசாலி மனு எழுதினான். மூன்று மாதத்துக்கு முன் இராசாத்தியை ஊருக்கு வெளியே வயல் வீதிக்கு அனுப்பிவிட்டார்கள். யார் அந்தப் புத்திசாலி?

“நீங்கதான் காக்கா!” என்று அங்கே ஒரு குரல். ஓம் தம்பி, நானேதான். புடைவைக் கடை ஸிராஜ்.

என் கடைக்கு எதிரே அவர் பலகை. காலையில் மடித்துவைத்த சாறன் மாலையில் விரால் மணக்கும். மாப்பிள்ளைக்கு எடுத்த சாறனை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து, “காக்கா, உடுத்திட்டு நடந்தா பூனை பின்னால வருகுது” என்றார். அன்றே மனு எழுதினேன். அழகான தமிழ், அதில் குறையில்லை.

நமது ஊரில் மீன் வாங்குவது ஆண்பிள்ளையின் உரிமை அல்லவா? செவுளைத் தூக்குவோம், கண்ணைப் பார்ப்போம், வயிற்றை அழுத்துவோம். டாக்டர்மார்கூட நோயாளியை அத்தனை கவனமாகப் பார்ப்பதில்லை. நான் திரளியைத் தூக்கினால் இராசாத்தி சொல்வார்: “அதுல முள்ளுக் கூட காக்கா. அந்த ஓராவப் பாருங்க. உங்கட கண்ணுக்குத் தப்புமா?” தப்பாத என் கண்ணை நானே மெச்சியபடி ஓராவோடு வீடு போவேன். அங்கே ஓராவுக்கென்றே புளி கரைத்து ஆயத்தமாக இருக்கும். என்ன மனப்பொருத்தம்! என்ன மனப்பொருத்தம்! இருபது வருடம் பூரித்திருக்கிறேன்.

இராசாத்தி போன மறுநாள், வேறொருவரிடம் நானே பார்த்து ஒரு ஜப்பான் மீன், அதுதான் திலாப்பியா, வாங்கிப் போனேன். றமீஸா பையைத் திறந்தார். மூடினார்.

“இது என்ன?”

“மீன்.”

“அது தெரியுது. ஆரு தெரிஞ்செடுத்த?”

“நான்தான். இவ்வளவு நாளும் நான்தானே!”

அவர் சிரித்த சிரிப்பு கல்முனைக்குடி வரை கேட்டிருக்கும். “விடிய சுபஹ் தொழுதிட்டு நான் இராசாத்திக்குப் போன் எடுக்காத நாள் இரிக்கா? இண்டைக்கு இவருக்கு இதக் குடுங்கண்டு நான் சொல்ற. அவ குடுக்கிற. நீங்க தூக்கிட்டு வாற. தூக்கிற மட்டுந்தான் ஒங்கட வேலை!”

என் வீட்டில் மட்டுமா இந்தக் கூத்து? திரைக்கு அப்பால் எழும் சிரிப்பைக் கேளுங்கள்! ஹாஜியார், நெற்றியைத் துடைக்காதீர்கள். போன வெள்ளிக்கிழமை நீங்கள் வாங்கிய கெளுத்தி உங்கள் வீட்டுப் பூனைக்குப் போன செய்தி எனக்கு வந்துவிட்டது.

இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் போனபின் என் கடையில் வியாபாரம் கூடியது! பிழையான மீனோடு வீட்டுக்குப் போகப் பயந்தவர்கள், சமாதானத்துக்கு மனைவி வீட்டில் உடுத்த ஒரு சோட்டித் துணி வாங்கிப் போனார்கள். ஊர்ச் சண்டையில் நான் கொழுத்தேன்.

அவர் விற்றது வெறும் மீனா? பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா, பல் விழுந்தவருக்கு முள்ளில்லாத துண்டு, வயிறு எரிபவருக்கு விரால் என்று வீடறிந்து, வாயறிந்து, நோயறிந்து கொடுத்த கை அது! அந்தக் கையையா நாறுகிறது என்று எழுதினேன்? அந்தக் கையையா ஆற்றைவிட்டு அகற்றினேன்?

நேற்று வயல் வீதிக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. ஐஸ் கரைந்து ஓட, மீன் அப்படியே கிடந்தது. “வாங்க காக்கா! இஞ்ச உங்கட மூக்குக்குச் சுகந்தானே?” என்றார். மன்னிப்புக் கேட்டேன். “என்னட்டக் கேட்டு என்ன செய்ய? இன்னும் ஒரு மாசம் போனா இந்தப் பலகைய அடுப்புக்குத்தான் வைக்கணும். ஊரறிய எழுதினீங்க, ஊரறியக் கேளுங்க” என்றார்.

கேட்கிறேன்! அதோ, கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று பார்க்கிறாரே, அவர் முன்னிலையில் கேட்கிறேன்! தலைவர் அவர்களே, என் மனுவை மீளப் பெறுகிறேன். இடம் இல்லை என்பீர்கள். ஏழாம் இலக்கக் கடை எனக்கு. ஆற்றைப் பார்த்த முகப்பு. அதில் பாதியை இராசாத்திக்கு எழுதுங்கள். சாறன் மணந்தால் மணக்கட்டும்; பூனை வந்தால் வரட்டும்!

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார். நேரம் முடிந்தது என்றுதான் இருக்கும். வாசிக்கிறேன்: “எழுதியாயிற்று. நாளைக்கு என் வீட்டுக்கு என்ன மீன் என்று அவவிடம் கேட்டுச் சொல்லவும்.”

என்ன இராசாத்தி? சத்தமாகச் சொல்லுங்கள்!

“அது ஹாஜியார்ர வீட்டிலருந்து காலையிலயே சொல்லிட்டாங்க காக்கா!”

கைதட்டிய கைகளுக்கும், திரைக்கு அப்பால் போன் பிடித்த கைகளுக்கும் என் நன்றி. உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். நான் இறங்குகிறேன், பாதிக் கடையைக் காலி செய்ய வேண்டும்.