பர்கண்டி ஷேடு

திருப்பூரில் வெறும் சிவப்பு என்று ஒரு நிறம் கிடையாது, சார். தக்காளி, செங்கல், மெரூன், போர்டோ, பர்கண்டி என்று பிரித்துப் பிரித்துத்தான் ஆர்டர் வரும். பர்கண்டி என்றால் கறுப்பை எட்டிப் பார்க்கிற அடர்சிவப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைப் பிசகாமல் துணியில் ஏற்றித் தருவேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வெள்ளியங்கிரி முதலாளியின் சாயப்பட்டறையில் தலை நரைத்தவன் நான். ஆரோக்கியராஜ் என்கிற பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான். மற்றபடி எல்லோருக்கும் மாஸ்டர்.

எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் மாதிரிக்கு அனுப்பிய துண்டுத் துணியையும் நாங்கள் சாயமேற்றிய துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடிப்பேன். நான் தலையாட்டினால்தான் சரக்கு கிளம்பும். இரண்டாயிரத்து ஆறில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது நிறத்தைப் பார்த்து நம்பர் சொல்லும். அதன் முன்னால் உட்கார அபிராமி என்று படித்த பெண் ஒருத்தி வந்தாள். என்னை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. காலையில் டீ வரும், சாயங்காலம் டீ வரும். தலையாட்டச் சொல்லி மட்டும் யாரும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல உடம்பை அலுக்க வைக்கிற வேலை வேறு இல்லை, சார்.

அப்போதுதான் முதலாளியின் மகள் வயிற்றுப் பேரன் நித்தீஷ் தம்பி பிரான்சிலிருந்து வந்தார். திராட்சையில் ஒயின் செய்கிற படிப்பு. லைசென்ஸ் வரும்வரை சோதனைக்கு என்று, மடத்துக்குளத்துத் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சையை வைத்து ஆரம்பித்தார். அதற்கென்றே அனுப்பர்பாளையத்தில் ஒரு எவர்சில்வர் டிரம் செய்ய வைத்தார். எனக்கு வேலையில்லை என்பது முதலாளிக்குத் தெரியும். நல்ல மனிதர், தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் என்னையும் காரில் ஏற்றிக்கொள்வார்.

தம்பி பேசிக்கொண்டே இருப்பார். போர்டோவும் பர்கண்டியும் பிரான்சில் இருக்கிற சீமைகள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். போர்டோத் திராட்சைக்குத் தோல் தடிப்பு, அதனால் ஒயின் கறுத்து வருமாம். பர்கண்டியில் பினோ நுவார் என்று ஒரு ரகம், தோல் மெலிசாம்.

“அங்க ஒரு அம்மா தனியாவே ஒயின் பண்றாங்க மாஸ்டர். பக்கத்துத் தோட்டம் அவங்க தம்பியோடதுங்க. ஒரே ரகம், ஒரே மழை. ருசி மட்டும் வேற வேறங்க. ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லீங்க” என்று சிரிப்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்து, கண்ணை மூடி யோசித்து, வாளியில் துப்புவார். விழுங்கமாட்டார். ருசி பார்ப்பவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

ஒரு நாள் டிரம்மிலிருந்து கண்ணாடி டம்ளரில் பிடித்து என் கையில் கொடுத்தார். “பர்கண்டி மாதிரியே வந்துருக்குதுங்க மாஸ்டர்.”

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரோஸ் சர்பத்தில் தண்ணீரை அள்ளி விட்டது போல வெளிறிக் கிடந்தது.

“இது பர்கண்டி இல்ல தம்பி. பர்கண்டி எப்படி இருக்கும்னு எனக்கா தெரியாது?”

“அது துணி பர்கண்டிங்க மாஸ்டர். நெசத்துல அந்த ஊரு ஒயின் இப்படித்தானுங்க இருக்கும்.”

முதலாளி சிரித்தார். தோட்டத்து வாட்ச்மேன் மூக்கையாவும் சிரித்தார். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அந்தக் கம்ப்யூட்டர்கூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அந்த மாதக் கடைசியில் பிரான்ஸ் பையர் தோட்டத்துக்கு விருந்துக்கு வருவதாக இருந்தது. அவருடைய சொந்த ஊரே பர்கண்டிதான். வெளுத்துப் போன சரக்கை அவர் முன்னால் வைத்தால் முதலாளிக்குத்தானே கேவலம்? அப்படித்தான் நினைத்தேன். தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எதையும் எடுத்த எடுப்பில் தொட்டியில் கலக்கக் கூடாது. முதலில் சின்னக் குவளையில் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் அதை லேப் டிப் என்போம். நானும் முறை தவறவில்லை. ஒரு சொம்பு ஒயினில் பட்டறைச் சாயம் கொஞ்சம், அது திரியாமல் நிற்கப் பட்டறையில் சாயத்தோடு சேர்க்கிற மருந்து கொஞ்சம். அருமையான பர்கண்டி. மூக்கையாவுக்குக் கொடுத்தேன். “என்ன அண்ணாச்சி, இப்படிக் கசக்கு?” என்றார். குடித்துவிட்டார். மறுநாளிலிருந்து வாந்தி. ஊருக்கு அனுப்பி வைத்தார்கள், அங்கே இறந்துபோனதாகச் சேதி வந்தது. அவருக்கு ஏற்கெனவே குடிப்பழக்கம் உண்டு, சார். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்தைக் குறைக்கலாமா என்று யோசித்தேன்தான். குறைத்தால் நிறம் நிற்காது.

விருந்தன்று காலையில் தம்பி கடைசியாக ருசி பார்த்து, பாட்டிலில் நிரப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அப்போது கலந்தேன். முதலாளி இந்தச் சமாசாரத்தையெல்லாம் தொடமாட்டார். தம்பிதான் துப்பிவிடுவாரே. பையரைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

பையரும் தன் ஊரிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். மரியாதைக்கு முதலில் அதைத் திறந்தார்கள். கோப்பையில் ஊற்றியபோது, அதற்குப் பின்னால் இருந்த மேசை விரிப்பின் பூ தெரிந்தது. அன்றைக்குத் தம்பி என் கையில் கொடுத்த டம்ளரின் அதே நிறம். ஒரு நிறத்தை ஒரு தடவை பார்த்தால் நான் மறக்கமாட்டேன், சார்.

பிறகு தம்பியின் பாட்டில். செய்தவர்தான் முதலில் குடிக்க வேண்டும் என்று பையர் சைகை காட்டினார். கறுப்பாக விழுந்தது. தம்பி கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாயம் என்று புரிந்துவிட்டது. ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துவிட்டு வாளியைத் தேடினார்.

“வந்தவங்க முன்னால துப்பப்படாது கண்ணு, முழுங்கீரு” என்றார் முதலாளி.

வாயில் அதை வைத்துக்கொண்டு தம்பி மறுபடி என்னைப் பார்த்தார். ஒன்றும் ஆகாதுதானே மாஸ்டர் என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், ஏன் கலந்தாய் என்று கேட்பார்கள். நிறம் தப்பு என்பதால் என்று சொல்ல வேண்டும். சரியான நிறம் பக்கத்துக் கோப்பையிலேயே இருந்தது. எத்தனை நாளைக்கப்புறம் ஒரு மனிதர் என் தலையாட்டலுக்காகக் காத்திருக்கிறார் என்றும் தோன்றியது.

தலையாட்டினேன்.

அவர் விழுங்கினார். எனக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்றுதானோ என்னவோ, கோப்பையில் இருந்ததையும் குடித்துவிட்டார். “இது இன்னும் பக்குவப்படலீங்க அப்புச்சி, வேற நாளைக்கு வெச்சுக்கலாமுங்க” என்று தாத்தாவிடம் சொல்லிப் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தார். அதனால்தான் பையர் பிழைத்தார். தம்பி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

கொன்றது நான்தான். மூக்கையாவையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வாதாடத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், சார். பையர் கொண்டுவந்த பாட்டில் உங்களிடம்தானே இருக்கிறது? எங்காவது வெயிலில் கிடந்து வெளுத்திருக்கும், விசாரித்துப் பாருங்கள். நல்ல பர்கண்டி அந்த நிறத்தில் இருக்காது.